உப்புத்தண்ணீர்ச் சாமந்தி

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நம் வீட்டுக் கூடத்தில் தங்கள் திருக்கரங்களால் நிறுவப்பட்ட நாலடி உப்புத்தண்ணீர்த் தொட்டியில், வலது மூலைப் பாறையின் மேல், செவ்வாய் மாலை ஐந்தேகால் மணிக்குப் புதிய உயிர் ஒன்று அவதரித்திருக்கிறது. உயரம் ஒரு பட்டாணி. நிறம் கழுவாத டீ கிளாஸின் அடி. தலை நிறைய முடி, நடுவில் ஒரு வாய். மாப்பிள்ளை, பொண்ணு இரண்டு மீனும் எட்ட நின்று பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களைக் கண்டதுபோல ஒளிந்துகொண்டன. "என்னடா இது, சாமந்தி மொட்டு மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டார். புத்தகத்தில் பார்த்தேன், நிஜமாகவே கடற்சாமந்திதானாம். அம்மாவுக்கு ஒரே பெருமை.

தொட்டியின் கண்ணாடியில் 'வாடகைக்கு இடமில்லை' என்று எழுதி ஒட்டிவிட்டேன். படிக்கத் தெரியாத சாமந்தி போலிருக்கிறது, காலி செய்யவில்லை. (ஃபிரிட்ஜில் 'உள்ளே முதலை', குளியலறையில் 'உள்ளே பேய்' ஆகிய என் பழைய அறிவிப்புகள் அப்படியே இருக்கின்றன. அம்மா கிழிக்கக் கிழிக்க நான் ஒட்டுகிறேன்.)

நாங்கள் நலம். சிறையில் இருப்பவனிடம் நலமா என்று கேட்பது, ஆற்றில் நிற்பவனிடம் நனைந்தாயா என்று கேட்பது போல. இருந்தாலும் மரியாதைக்குக் கேட்டுவைக்கிறேன்: நலமா?

இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் தணிக்கை ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, சாமந்தி என்பது சங்கேத வார்த்தை இல்லை. நிஜமாகவே சாமந்தி.

இப்படிக்கு,
உன் அரும்பெரும் தம்பி,
தொட்டிப் பொறுப்பு அதிகாரி (தற்காலிகம்)

கண்ணு, சனிக்கிழமை வர்றேன். ஆறு மணி நேர பஸ்னாலும் ஜன்னல் சீட் கிடைச்சா தூங்கிடுவேன். ராத்திரி இருமல் இருக்குன்னு சொன்னியே, கேட்டா வெந்நீர் குடுப்பாங்களா? வெட்கப்படாம கேளு கண்ணு. இவன் எழுதறதையெல்லாம் நம்பாதே. — அம்மா.


பிப்ரவரி 15

டேய் கொசு,

நலம். இருமல் குறைந்துவிட்டது, அம்மாவிடம் சொல். உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. எந்தக் கடிதமும் இங்கே அலுவலகத்தில் ஒரு வாரம் தூங்கிவிட்டுத்தான் எழுந்து வரும். எங்கள் பிளாக்கில் ஃபோனும் கிடையாது. அதனால் நான் எழுதுவதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி.

அது விருந்தாளி இல்லை, களை. வண்ண மீன்கடையில் வேலை பார்த்தபோது வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டியில் இதைக் கண்டாலே எங்கள் முதலாளிக்கு முகம் சுண்டிவிடும். பாறையில் நான் வளர்க்கும் பவளத்தை அது தொட்டால் கருகிவிடும். வெட்டாதே. சுரண்டாதே. நசுக்காதே. ஒரு துணுக்கு மிஞ்சினால் அது ஒரு முழுச் சாமந்தியாக வளரும். மருந்துக்கடையில் ஊசி ஒன்று வாங்கு. சுண்ணாம்புத் தூளைத் தயிர் பதத்தில் கரைத்து, மெல்லக் கிட்டே கொண்டுபோய், அதன் வாய்க்குள் விடு. உணவு என்று நினைத்து விழுங்கும். அவ்வளவுதான். அவசரப்படாதே. இது பொறுமைக்காரன் வேலை, உன் வேலை இல்லை என்று தெரியும், வேறு ஆள் இல்லையே.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வேனில் ஒரு பெரியவரை இடித்துவிட்டு நிற்காமல் வந்தவன் நான். நான் தொட்டதில் கெடாமல் இருப்பது அந்தத் தொட்டி ஒன்றுதான். படுக்கும்போது ஒவ்வொரு பாறையாக நினைத்துப் பார்ப்பேன். எது எங்கே என்று தெரியும்.

ஜூலையில் குழு உட்கார்ந்து என் முன்விடுதலை மனுவைப் பார்க்கும். அம்மா நேரில் வந்து, 'இவனை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம்.

அண்ணன்.


மார்ச் 1

அன்பும் பொறுமையும் நிறைந்த அண்ணனுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்த நாளும் நான் பிளேடு எடுத்த நாளும் ஒரு நாள் முன்பின் ஆகிவிட்டன. விதி என்று சொல்லலாம். அம்மா வேறு வார்த்தை சொன்னார்.

சுருக்கமாகச் சொன்னால், சாமந்தியை நறுக்கினேன். நாலு துண்டு. வெற்றி வெற்றி என்று கூவி, கண்ணாடியில் ஒரு கல்லறையும் வரைந்து ஒட்டினேன். பத்து நாளில் அந்தக் கல்லறையைச் சுற்றி இருபத்து மூன்று சாமந்திகள் நின்று எனக்கு அஞ்சலி செலுத்துகின்றன. ஒருத்தனை அடித்தால் ஊரே கிளம்பி வரும் என்பார்களே, அந்த ஊர் இதுதான்.

கவலைப்படாதே. போர் தொடங்கிவிட்டது. ஊசி கையில், சுண்ணாம்பு ஊசியில். இன்றைய நிலவரம்: பிறப்பு இருபத்து மூன்று, இறப்பு ஒன்பது. ஒன்பதும் என் கையால். உன் முதலாளி, இதைத் தின்னும் என்று மூன்று இறால் கொடுத்தனுப்பினார். அவை மீனுக்குப் போட்ட தீனியைத் தின்றுவிட்டு, சாமந்தியின் நிழலில் ஓய்வெடுக்கின்றன. அரசாங்க உத்தியோகம் பார்த்த இறால்கள். (தணிக்கை ஐயா மன்னிக்கவும்.)

இப்படிக்கு,
தளபதி

கண்ணு, தளபதி சட்டையெல்லாம் சுண்ணாம்பு. தையல் கூடத்துல பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு, நான்தான் மேற்பார்வை. ஜூலைக்கு லீவு இப்பவே சொல்லி வச்சுட்டேன் கண்ணு. — அம்மா.


மார்ச் 14

கொசு,

அம்மா வந்துபோனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நீ ஊசியோடு ஸ்டூல் மேல் ஏறி நிற்பதை நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர், 'இங்க வந்து இப்படிச் சிரிக்கிற குடும்பத்தை இப்பதான்யா பாக்கறேன்' என்றார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் ஊசி போடாதே, தண்ணீர் கெடும். வலது பக்கப் பாறைகளில் பச்சைப் பொத்தான் மாதிரிக் கூட்டமாக இருக்கிறதே, அந்தப் பவளம் நான் முதன்முதலில் ஒட்டியது. ஒரு சின்னத் துண்டாகத்தான் வாங்கினேன், இப்போது ஐந்து பாறைகளுக்குப் பரவியிருக்கிறது. அதன் பக்கம் கை வைக்கும்போது கையுறை போட்டுக்கொள். சாமந்தி அதை நெருங்காமல் பார்த்துக்கொள். உடம்பைக் கவனி.

அண்ணன்.


ஏப்ரல் 2

மாட்சிமை தாங்கிய அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம், சாமந்திகள் மிகவும் நலம். நூற்றுப் பதினேழு. குத்து மதிப்பில்லை, நேற்று எண்ணினேன். உன் பச்சைப் பொத்தான் கூட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டன. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவன் உட்கார்ந்திருப்பவன் மடியில் மெல்லச் சாய்வானே, அப்படி.

ஒன்றொன்றாக ஊசி போட்டால் எனக்குக் கல்யாண வயது வந்துவிடும். அதனால் ஒரு மாபெரும் திட்டம் தீட்டியிருக்கிறேன். வரும் ஞாயிறு அம்மா வேலைக்குப் போனதும், வலது பக்கப் பாறை ஐந்தையும் வெளியே எடுத்து, நம் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் போட்டு அரைமணி நேரம் கொதிக்க வைக்கப் போகிறேன். சாமந்தி வேரோடு வெந்துவிடும். பொத்தான் பவளத்தில் கொஞ்சம் வீணாகும், ஒரு துண்டை மட்டும் முன்பே பிய்த்து இடதுபக்கம் ஒட்டிவிட்டேன், பயப்படாதே. பாறையைக் கொதிக்க வைத்தவன் என்று சரித்திரம் என்னைப் பேசும்.

அம்மாவுக்கு இந்தத் திட்டம் தெரியாது. அவருடைய பாத்திரம் என்பதால் ராணுவ ரகசியம். அவர் எழுத வேண்டியதை எழுதிவிட்டார், இந்தப் பக்கத்தை நான் மடித்துப் பிடித்திருந்தேன்.

இப்படிக்கு,
தலைமைச் சமையல்காரர்

கண்ணு, இவன் என்னமோ மறைக்கிறான், காகிதத்தை மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு எழுதுங்கிறான். இந்தச் சனிக்கிழமை கடைசி ஆர்டர், வரமுடியலை. மே முதல் சனிக்கிழமை கட்டாயம் வர்றேன் கண்ணு. — அம்மா.


ஏப்ரல் 10

கொதிக்க வைக்காதே.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இன்று பத்தாம் தேதி. நீ சொன்ன ஞாயிறு போய்விட்டது என்று தெரியும். செய்திருக்கமாட்டாய், சோம்பல்பட்டிருப்பாய் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தப் பச்சைப் பொத்தானுக்குள் நஞ்சு இருக்கிறது. தண்ணீரில் சும்மா இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. கொதித்தால் ஆவியில் ஏறும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் காய்ச்சல், இருமல், நாக்கில் இரும்புச் சுவை. நுரையீரலைத் தின்றுவிடும். எங்கள் கடையில் ஒருவர் பாறையை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையுறை என்று எழுதினேனே, ஏன் என்று எழுதினேனா? முட்டாள் நான்.

செய்துவிட்டாய் என்றால்: இந்தக் கடிதத்தை அப்படியே டாக்டரிடம் காட்டு. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திற. பாறையை யாரும் தொடக்கூடாது, காய்ந்திருந்தாலும் நஞ்சு போகாது. அதன்மேல் வெந்நீர் படவே கூடாது. முதலாளிக்குச் சொல், முகமூடி போட்டுக்கொண்டு வந்து எடுத்துப்போவார்.

ஒரு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள் என்று வார்டரிடம் கெஞ்சினேன். 'மீன் செத்துடுச்சா?' என்று கேட்டுச் சிரித்தார்.

உடனே பதில் எழுது. இரண்டு வரி போதும்.

அண்ணன்.

(உறையின் மேல் முத்திரை: தணிக்கை முடிந்தது, ஏப்ரல் 23)


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு நானும் என் நிழலும் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். கொதிக்க வைப்பதா? நானா? அன்றைக்கு ஒன்பதரை வரை தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பாத்திரம் பரணில், ஏணி பக்கத்து வீட்டில். சோம்பேறித்தனம் உயிர் காக்கும் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டீர்களா?

கொதிப்பெல்லாம் பழைய முறை. இப்போது வெயில் முறை. பாறைகளை எடுத்து வாளியில் போட்டு, பின்பால்கனியில் காய வைத்திருக்கிறேன். சாமந்தி சருகாகிவிட்டது. நாற்றம்தான் கொஞ்சம் அதிகம், மாடிவீட்டு நர்ஸ் அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மாதத் தொடக்கத்தில் எனக்கும் அம்மாவுக்கும் நாலு நாள் காய்ச்சல், இருமல். ஊரெல்லாம் இருக்கிறது, டாக்டரே சொன்னார். இப்போது சரியாகிவிட்டது. அம்மாவுக்கு இருமல் கொஞ்சம் பாக்கி.

தொட்டி பளிங்கு மாதிரி இருக்கிறது. நீ கவலைப்படாதே. உடம்பு எப்படி?

இப்படிக்கு,
வெற்றி வீரன்

நலம். உடம்பைப் பார்த்துக்கொள். — அம்மா.


மே 12

கொசு,

உன் கடிதம் வந்தபிறகுதான் சாப்பாடு இறங்கியது. காய்ச்சல் என்றதும் திக்கென்றது, ஊரெல்லாம் இருக்கிறது என்று டாக்டரே சொன்னாரே என்று ஆறினேன்; அந்த வாளியை மட்டும் யாரும் தொடாமல் முதலாளியிடம் சொல்லிக் கொடுத்துவிடு. தணிக்கை ஐயா தானே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். 'தம்பி வேக வைக்கலையாம்ப்பா' என்று சொல்லிவிட்டுத்தான் உறையையே நீட்டினார். உன் கடிதம் வந்தால் முதலில் அதைத்தான் எடுப்பாராம்.

ஆனால் மூன்றாம் தேதி அம்மா வரவில்லை. காலை ஒன்பதிலிருந்து பெயர் கூப்பிடும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு வாயிலை அடைத்தார்கள். 'கட்டாயம் வர்றேன்' என்று எழுதியிருந்தாரே.

அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படித்தேன். அதில் கண்ணு இல்லை. இதுவரை எழுதிய ஒரு கடிதத்திலும் அம்மா கண்ணு போடாமல் இருந்ததில்லை. என்மேல் ஏதாவது கோபமா? அந்தப் பெரியவர் வீட்டிலிருந்து யாராவது வந்து பேசினார்களா? மறைக்காமல் எழுது.

அண்ணன்.


மே 24

அண்ணனுக்கு,

வணக்கம். நலம். நீ வீணாகக் கற்பனை செய்கிறாய். மூன்றாம் தேதி பஸ் ஓடவில்லை. அதற்கு முந்தின நாள் தையல் கூடத்தில் அவசர ஆர்டர். அதற்கும் முந்தின நாள் அம்மாவுக்குக் கால் வலி. ஒரு காரணம் போதாது என்றால் மூன்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள், மற்றதைத் திருப்பி அனுப்பு.

சாமந்திப் போரில் இதுவரை நான் வீழ்த்தியவை நானூற்றுப் பன்னிரண்டு. நீ வந்து பார்த்தால் கண்ணாடி எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. மாப்பிள்ளையும் பொண்ணும் முட்டை போட்டிருக்கின்றன. ஊசியே வேண்டாம், நான் முறைத்தாலே சாமந்தி சுருங்குகிறது.

சித்தி வந்திருக்கிறார், சும்மா ஊர் பார்க்க. இரண்டு வாரம் இருப்பார்.

பரீட்சை முடிந்தது. பாஸாவேன் என்று நினைக்கிறேன்.

தம்பி

கண்ணு, நான் நலம் கண்ணு. வேலை அதிகம். அடுத்த மாதம் பார்க்கலாம் கண்ணு. — அம்மா.


ஜூன் 11

தம்பிக்கு,

நலம். ஏழாம் தேதியும் காத்திருந்தேன்.

மூன்று கண்ணு வந்தது. நான் கேட்டேன் என்று நீ சொல்லி, அவர் போட்டது. கேட்டு வாங்கின கண்ணு எப்படியிருக்கும் என்று இப்போது தெரிந்தது. எழுத்தும் நடுங்கியிருக்கிறது, மனமில்லாமல் எழுதின எழுத்து. அவர்மேல் தப்பில்லை. அன்றைக்கு நான் ரத்தக்கறையோடு வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, 'நீயே போய்ச் சொல்லு, நான் கூட வர்றேன்' என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு ஸ்டேஷன்வரை நடந்து வந்தவர். இவ்வளவு நாள் வந்ததே பெரிது. ஒரு மனுஷிக்கு ஒரு அளவு இருக்கும்.

மனுவைத் திரும்பப் பெறப்போகிறேன். மாதக் கடைசிவரை அவகாசம் இருக்கிறது. அம்மாவைக் குழு முன்னால் நிறுத்தி, மனமில்லாத கையெழுத்து வாங்க எனக்கு இஷ்டமில்லை. இரண்டு வருடம் ஒன்றும் பெரிதில்லை, பழகிவிட்டது.

தொட்டியை முதலாளியிடம் கொடுத்துவிடு. நீயும் படிப்பைப் பார். இனி எழுதவேண்டாம், எனக்கும் எழுத ஒன்றுமில்லை.

அண்ணன்.


ஜூன் 19, விரைவு அஞ்சல்

அண்ணா,

மனுவைத் திரும்பப் பெறாதே. தணிக்கை ஐயா, இந்தக் கடிதம் மட்டும் அங்கே தூங்கக்கூடாது, உங்கள் காலைப் பிடிக்கிறேன்.

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நாங்கள் நலமில்லை. எல்லா உண்மையையும், யாரும் சொல்லாமல் நானாகவே, தைரியமாக இதில் எழுதுகிறேன்.

நான் பாறையைக் கொதிக்க வைத்தேன். ஏப்ரல் ஆறு, காலை பத்து மணி. நாற்றம் அக்கம்பக்கம் போகக்கூடாது என்று சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். நாக்கில் செம்புக் காசு வைத்தது போல இருந்தது. அம்மா மத்தியானம் வந்து, "என்னடா வேகவச்ச, மூக்கு எரியுது?" என்றார். "உருளைக்கிழங்கு" என்றேன். ராத்திரி இரண்டு பேருக்கும் காய்ச்சல். டாக்டர், "வீட்ல புதுசா ஏதாவது மருந்து, பெயின்ட்?" என்று கேட்டபோது இல்லை என்றேன். எனக்கு நாலு நாளில் விட்டது. அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை.

இருபத்தாறாம் தேதி உன் கடிதம் வந்தது. மாடிப்படியில் நின்று படித்தேன். மடித்து ஷூவுக்குள் வைத்தேன். அந்த வாளியைத் தொட எனக்குப் பயம். அம்மாவிடம் சொல்லவும் பயம். எது அதிகப் பயம் என்று இப்போதும் தெரியவில்லை. முதலாளி கடை நாலு தெரு தள்ளித்தான், போகவில்லை. உட்கார்ந்து உனக்கு அந்த வெற்றி வீரன் கடிதத்தை எழுதினேன். அம்மாவின் வரியையும் அவர் எழுத்து மாதிரியே நான்தான் எழுதினேன்.

எழுதி முடித்ததும் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பால்கனிக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். 'அபாயம்! உள்ளே விஷம்! திறந்தால் மரணம்!' என்று சிவப்பு மையில் எழுதி, மண்டையோடு வரைந்து. அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம் அண்ணா. ஆனால் ஃபிரிட்ஜில் முதலை இருந்த வீட்டில் அதை யார் நம்புவார்?

முப்பதாம் தேதி நான் பள்ளிக்கூடத்தில். அம்மாவுக்கு மூன்றாம் தேதி உன்னைப் பார்க்க வரவேண்டும், அதற்குள் வீட்டைச் சுத்தம் செய்துவிட நினைத்திருக்கிறார். மாடிவீட்டு நர்ஸ் அக்காவிடம் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே அந்தக் காகிதத்தைக் கிழித்தாராம். "பாருங்க, இப்ப விஷமாம். இந்த வாலுக்கு எல்லாமே விளையாட்டு. நாத்தத்துக்குப் பேரு விஷம்." கெட்டிலில் கொதிக்கும் தண்ணீர் கொண்டுவந்து வாளியில் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, பிரஷ்ஷால் ஐந்து பாறையையும் தேய்த்திருக்கிறார். அக்காதான் இருமல் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்.

நான் வந்தபோது ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. டாக்டர்கள் நிமோனியா என்றார்கள், நான் தலையாட்டினேன். மறுநாள் மத்தியானம் அம்மாவின் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றி உன் கடிதத்தை நர்ஸ் அக்காவிடம் கொடுத்தேன். அவர் படித்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எத்தனை நாளாடா இது உங்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நாள் என்றேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

இதற்கு மாற்று மருந்து கிடையாதாம். நுரையீரல் தாங்கினால் உண்டு. அம்மா முப்பத்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதில் ஒன்பது நாள் மெஷின்தான் மூச்சு விட்டது. 'முறைத்தாலே சாமந்தி சுருங்குகிறது' என்று நான் எழுதியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து. மூன்று கண்ணுவும் அங்கேதான். நடுங்கிய அந்த எழுத்து என் எழுத்து.

ஜூன் மூன்றாம் தேதி வீட்டுக்கு வந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தை. நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். மூன்று மாடி இறங்க முடியாது, பஸ் ஏற முடியாது. தையல் கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். சித்தி ஊர் பார்க்க வரவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தார்.

நீ கடைசியாக எழுதியதில் எல்லாமே தப்பு. தினமும் "அவன் எழுதினானா?" என்று என்னைக் கேட்டவர் அம்மா. நான் உனக்கு எல்லாம் எழுதிவிட்டேன் என்றும், தபால்தான் தாமதம் என்றும் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். உன் கடிதங்களை ஒவ்வொன்றாக ஒளித்தேன். உனக்கு அம்மா இல்லை, அம்மாவுக்கு நீ இல்லை என்று இரண்டு பக்கமும் ஆக்கி வைத்தது நான் ஒருத்தன்தான்.

நேற்று முன்தினம் நான் வெளியே போயிருந்தபோது உன் ஜூன் கடிதம் வந்தது. தபால்காரர் சித்தியிடம் கொடுத்துவிட்டார். சித்தி அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். நான் உள்ளே நுழைந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார். அழக்கூடாது அவர், மூச்சு வாங்கும்.

தொட்டி: உன் முதலாளி முகமூடி போட்டுக்கொண்டு வந்து வாளியையும் பாத்திரத்தையும் எடுத்துப்போனார். நான் பிய்த்து ஒட்டிய துண்டையும் அவரே எடுத்துவிட்டார், நம் வீட்டில் இனி அது வேண்டாம் என்றார். உன் பச்சைப் பொத்தானில் ஒன்றுகூட இல்லை. பொண்ணு மே மாதம் செத்துவிட்டது, நான் தண்ணீரைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் மூலையில் நிற்கிறது. மீதிப் பாறை முழுக்கச் சாமந்தி. நானூற்றுப் பன்னிரண்டு என்றேனே, ஊசியால் நான் உருப்படியாகக் கொன்றது ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்பதும் சுருங்கிப் பாறைக்குள் போயிருந்தன, மறுநாள் வெளியே வந்துவிட்டன.

ஜூலைக்கு: அம்மா நேரில் வர முடியாவிட்டால், நலத்துறை அதிகாரி வீட்டுக்கே வந்து பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமாம். நர்ஸ் அக்கா விசாரித்துச் சொன்னார். டாக்டர் சான்றிதழோடு சித்தி குழு முன்னால் வருவார். நானும் வருவேன். என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் வெளியே நிற்கிறேன். நீ வந்தாக வேண்டும் அண்ணா. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கவேண்டும். சித்தியும் நானும் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

மன்னித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டேன். அதை நேரில் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. 'யாரும் சொல்லாமல் நானாகவே, தைரியமாக' என்று மேலே எழுதினேன் இல்லையா? அதுவும் புளுகு. நான் உள்ளே நுழைந்ததும் அம்மா குழாயைக் கழற்றிவிட்டு, "எழுது" என்றார். நான் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம். வெளியே நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது, கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று. மெஷினையும் இழுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். மெஷின் சத்தம் மட்டும். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருக்க முடியாமல்தான் வெளியே வந்தேன். இரண்டு நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். தைரியமாக என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார். அடித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், கீழே உண்மையை எழுது என்றார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

தம்பி